என் வீட்டில் யாரும் தங்கவில்லை என்றேன்

அன்பு மகள் அர்ச்சனாவுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி பரத்தும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அந்த மெல்பர்ன் ஊரில் ஒரு தலைவலிகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். பதினாறு நாளாக நீ என்னோடு பேசவில்லை. அம்மா போனில் உன்னோடு பேசும்போது நான் வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன், அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வராததால் காகிதத்தில் எழுதி நானே படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், எட்டாம் கிளாஸோடு நின்றவன் கை, பொறுத்துக்கொள்.

ஊர்ச் சமாச்சாரம் என்று பார்த்தால், மழை பிந்தித்தான் வந்தது, ஆனாலும் ஏரி முகத்துவாரம் திறந்து தண்ணீர் நன்றாக ஓடுகிறது. பரத்துக்கு மீஞ்சூர் கம்பெனியில் மறுபடியும் ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள், கண்ணெல்லாம் சிவந்துபோய் வருகிறான், நீ சொன்னால் கேட்பான், நேரத்துக்குத் தூங்கச் சொல். அத்தை மகள் ஆர்த்திக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகிவிட்டது, மாப்பிள்ளை திருப்பாலைவனம். அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, ஆனால் சண்டை போடுகிற தெம்பு மட்டும் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. என்னோடு பேசுவதே சோறு ஆறுது, வலை நனையுது என்ற அளவுக்குத்தான். அவளைக் குறை சொல்லவில்லை, நடந்ததை உன்னிடம் சொன்னதும் அவள்தான், சொன்னது சரிதான். ஆனால் என் வாயால் நீ இன்னும் கேட்கவில்லை, அதனால் முழுக்க எழுதுகிறேன்.

பூநாரைகளைக் கணக்கெடுக்கச் சிலி நாட்டிலிருந்து வந்து, உன் அறையில் உன்னோடு ஆறு மாதமும் நீ போன பிறகு தனியாக எட்டு மாதமும் பாய் விரித்துப் படுத்த கமீலாவுக்காக நீ எவ்வளவு அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் வேலையும் செய்யலாம் என்கிற அந்த ஆஸ்திரேலியா விசாவுக்கு, சிலிக்குத் திரும்பிவிட்டவளோடு போனிலேயே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினாய், உன் வீட்டிலேயே பக்கத்து அறையை அவளுக்கென்று பிடித்து வைத்தாய், செர்ரித் தோட்டத்தில் பழம் பறிக்கிற வேலைக்கும் சொல்லி வைத்தாய். முப்பத்தொரு வயது ஆவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அவளுக்கு வருகிற பதினெட்டாம் தேதி முப்பத்தொன்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு காகிதம். அவள் இங்கே நம் வீட்டில்தான் இருந்தாள், அவள் மேல் ஒரு குறையும் இல்லை என்று இந்தப் பக்கத்துப் போலீஸ் கொடுக்க வேண்டியது. அதற்கு விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். வந்த நாள் நம் ஊரில் வலைப் பாடுகளுக்குச் சீட்டுப் போடுகிற நாள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று கோயில் கொட்டகையில் அத்தனை தலைக்கட்டும் உட்கார்ந்திருக்கிறது. சின்னதம்பி யாருப்பா, உன் ஊட்ல கமீலானு ஒரு வெளிநாட்டுப் பொண்ணு தங்கினு இருந்துதான்னு எல்லார் முன்னாலும் கேட்டார். போலீஸ் தேடி வந்த வீட்டுக்கு அந்த விவகாரம் தீருகிறவரை சீட்டு இல்லை என்பது நம் ஊர்க் கட்டு, உனக்குத் தெரியாததா. அது ஒரு பயம். வெளிநாட்டு ஆளைத் தங்க வைத்தால் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும் என்று அவளே என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லி, நம்ம வீட்டுல சோறு தின்கிற புள்ளைக்கு எதுக்கு காயிதம்னு நான் போகாமலே விட்டது இன்னொரு பயம். என் ஊட்ல யாரும் தங்கல சார், பறவ பாக்க எத்தினியோ பேரு வராங்க போறாங்க, நமக்கு இன்னா தெரியும்னு சொல்லிவிட்டேன். அதோடு போயிருந்தால்கூட பரவாயில்லை. நம் ஊர்க்காரன் ஒருவன் போலீஸிடம் ஒன்று சொல்லிவிட்டால் ஊரே அதைத்தான் சொல்லும். பெரியவர் சடையன் முதலில் ஆமா சார், அவங்கல்லாம் லாட்ஜ்ல தங்கி வந்துனு போறவங்கன்னார், பின்னாலேயே ரமேஷ், அப்புறம் கொட்டகையே தலையாட்டியது. அவள் கையால் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அவளிடம் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னவர்கள் எல்லாரும். எனக்காகச் சொன்னார்கள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

சீட்டில் எனக்கு விழுந்தது முகத்துவாரத்துப் பாடு. இத்தனை வருஷத்தில் விழாதது. இறாலென்றால் இறால், வலையைத் தூக்க முடியவில்லை. அம்மா ஒன்றைக்கூடக் குழம்பில் போடவில்லை. கெளுத்தி முள் குத்திக் கால் வீங்கி நான் காய்ச்சலில் கிடந்தபோது பொன்னேரி ஆஸ்பத்திரியில் நாலு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கமீலா. அதைச் சொல்லித்தான் உன் அம்மா ஒரே ஒரு தடவை கத்தினாள், அவ கையால கஞ்சி குடிச்ச வாயி தானேய்யா இதுன்னு. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நீ போன் பண்ணி, நீயா நைனா அப்படிச் சொன்னதுன்னு கேட்டபோதும் சிக்னல் இல்லாதவன்போல ஹலோ ஹலோ என்றேன். நினைத்தாலே அசிங்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கமீலாவே எனக்குப் போன் பண்ணினாள். அவளுக்கு வந்த பதிலில் விலாசம் உறுதியாகவில்லை என்று மட்டும் இருந்ததாம். நைனா, போலீஸு வேற ஊட்டுக்குப் போயிட்டாங்க போல, நீ கொஞ்சம் ஸ்டேஷன்ல போயி சொல்றியா, உன்ன விட்டா எனக்கு அங்க யாருன்னு நம் பேச்சிலேயே கேட்கிறாள். சரிம்மா என்றேன், அவ்வளவுதான். என் பெயரை நீ அவளிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஊர் எனக்காகச் சொன்ன பொய் போதாதென்று, என் பெண்ணும் அங்கே எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நீ பேசாமல் இருந்ததைவிட அதுதான் என்னைத் தின்றுவிட்டது அர்ச்சனா.

சனிக்கிழமை ஊரைக் கூட்டச் சொல்லி, நான் பொய் சொன்னேன், உங்க எல்லாரையும் பொய் சொல்ல வெச்சேன், இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னேன். உனக்காகத்தானேடா சொன்னோம், எங்க மானத்தயும் சேத்து ஏன்டா வாங்குறன்னு சடையன் கேட்டார். சீட்டில் விழுந்த பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது ரமேஷ் தோணியில் கூலிக்குப் போகிறேன், அதற்காக நீ என் மேல் பாவம் பார்க்காதே, கட்டுப்படி நடந்ததுதான். ஸ்டேஷனில் பதினாலு மாதமும் என் வீட்டில்தான் இருந்தாள் என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அன்னிக்கு இந்த வாயி எங்க போச்சுன்னு கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். தெரிவிக்காமல் தங்க வைத்ததற்கு என் மேல் என்ன வந்தாலும் வரட்டும். மறுபடி விசாரித்து மேலே அனுப்புவதாகச் சொன்னார்கள், எத்தனை நாளாகும் என்று சொல்லவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. முத்திரை போட்டுக் கொடுத்த நகலை இதோடு அனுப்புகிறேன், காகிதம் வருவதற்கு முன் இதையாவது காட்டி விண்ணப்பத்தை உள்ளே தள்ள முடியுமா என்று இன்றைக்கே விசாரி. முடியாமல் போனால் அவள் வாழ்க்கையில் இந்த ஒரு வருஷத்தைப் பறித்தது நான்தான்.

வேலைக்கு நேரமாச்சென்று சாப்பிடாமல் ஓடாதே. அம்மன் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், உன் பேரோடு அவள் பேரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன், சொல்ல எனக்கு உரிமை உண்டோ இல்லையோ. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கமீலாவுக்கு, ஒரு சொல்லும் விளங்காமல் போகாதபடி, அவளிடம் நீ கற்ற அவள் பாஷையில் படித்துச் சொல். உன் அப்பன் என்று பார்த்து ஒரு வரியையும் விடாதே, அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அவள் என்னைத் திட்டினால் அதில் ஒன்றையும் குறைக்காமல் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு.

உன் நைனா
சின்னதம்பி