அப்பாவின் ஸ்டூடிபேக்கரில் மூன்று பேர்

சவுத் பெண்ட்
1981 நவம்பர், ஞாயிறு மதியம்

என் கண்ணே டெக்லா,

அம்மா எழுதுகிறேன். கடவுள் கிருபையில் நானும் உன் அத்தையும் இங்கே சுகமாக இருக்கிறோம், உலகத்தின் தென்கோடியில் அந்த வெலிங்டனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் பூசையில் மண்டியிட்டபோதும் நினைத்தேன், இப்போது அடுப்பில் முட்டைக்கோஸ் வேகும்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அங்கே வெயில் காலம் தொடங்கியிருக்கும். இங்கே மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது, ஆற்றின் மேல் காலையில் புகை மாதிரி பனி நிற்கிறது. உன் கெனோவெஃபா அத்தைக்கு இடுப்பு வலி அதிகம்தான், அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதற்கு முதலில் அந்த ஆள் தன் தொந்தியைக் குறைக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், ஆகவே அவளைப் பற்றிக் கவலைப்படாதே. நீ ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வெறும் காப்பியோடு படுத்துவிடுகிறாயாமே, போன முறை தொலைபேசியில் வாய் தவறிச் சொன்னாய், நான் மறக்கவில்லை. ஒரு முட்டையாவது அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் படு.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தி எழுந்துபோய்விடாதே, கடைசிவரை வாசி. இது அப்பாவின் வண்டியைப் பற்றியது, என்னைப் பற்றியதும்தான்.

அப்பா இறந்தபோது நீ வந்திருந்தாயே, அந்த வண்டியை விற்றுவிடு அம்மா, பார்க்கப் பார்க்க அழுதுகொண்டிருப்பாய் என்று சொன்னாய். நானும் விற்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஸ்டூடிபேக்கர் ஆலையைச் சுற்றித்தானே நம் தெருவே முளைத்தது. கொல்லர்களாக இருந்த அண்ணன் தம்பிகள் குதிரை வண்டி செய்து ஆரம்பித்தது, மேற்கே போன ஜனங்களெல்லாம் அந்த வண்டியில் பானை சட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று உன் தாத்தா சொல்வார், போலந்திலிருந்து அவர் வந்து இறங்கியபோது இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ஸ்டூடிபேக்கர்தான். அப்பா அங்கே கதவு பொருத்தினார். கதவைச் சாத்திப் பார்த்து அந்தச் சத்தம் பிடிக்காவிட்டால் மறுபடி கழற்றிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அறுபத்து மூன்று டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஆலையெல்லாம் விளக்குக் கட்டியிருந்த நேரத்தில், இனி இங்கே கார் செய்யப்போவதில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். நமக்கு ரேடியோதான் முதலில் சொன்னது. அப்பா அன்றைக்கு வீட்டுக்குள் வரவேயில்லை, வாசலில் நிறுத்திய வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், நீதான் காப்பி கொண்டுபோய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாய். என்ன பேசினீர்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் சொன்னதேயில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு யார் ஆலை வேலை கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்குப் போனார், அந்த வேலைக்கும் இந்த லார்க் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு போனார், பின்கூரையைத் தள்ளித் திறந்து வைத்துக்கொண்டு, வானம் பார்த்தபடி.

அவர் இருந்தவரை நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. போன வருஷம் அறுபத்தொன்றாவது வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன் என்று உனக்குச் சொன்னேனே, நீ சிரித்தாய். பழகியதெல்லாம் அப்பா வண்டியில்தான். மேட்டில் நிறுத்தினால் கிளட்சை அழுத்திக்கொண்டிருக்கும் வரை வண்டி பின்னால் சரியாது, அப்படி ஒரு வசதி வைத்துச் செய்திருக்கிறார்கள், என்னைப் போல நடுங்குகிறவளுக்காகவே செய்த மாதிரி. பெட்ரோல் போட நின்றால் முன்பின் தெரியாதவர்கள் வந்து எங்கள் மாமா வைத்திருந்தார், என் முதல் முத்தம் இந்த மாதிரி வண்டியில்தான் என்று ஏதேதோ சொல்லிவிட்டுப் போவார்கள். இன்னொரு ஸ்டூடிபேக்கர் எதிரே வந்தால் இரண்டு பேரும் கை அசைத்துக்கொள்ள வேண்டும், அது வழக்கம். பெற்றவர்கள் போன பிறகும் ஓடிக்கொண்டிருப்பதால் இவற்றை அநாதை வண்டிகள் என்று சொந்தக்காரர்களே அழைத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் மாதம் பழைய சோதனை ஓட்டத் திடலில், இப்போது பூங்காவாகிவிட்டதே, அங்கே ஸ்டூடிபேக்கர் வைத்திருப்பவர்கள் கூடினார்கள். நானும் உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துக்கொண்டு தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் ஒரு மனிதர் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். கூரை திறக்கிற இந்த வகை வண்டி வைத்திருப்பவர்களிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். மழையில் மட்டும்தான் என்றேன். அப்படிச் சிரித்தார் பார், நான் பயந்தே போனேன். பெயர் ஹால்வர். அயோவாவில் கிராமத்துத் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தின் மூக்கு வைத்த மாதிரி முன்பக்கம் உள்ள பழைய சாம்பியன் வண்டியில் வந்திருந்தார், வேலைக்கும் அதிலேதான் போவாராம், வலப்பக்கச் சன்னல் வழியாகத் தபால் பெட்டியில் போடுவதற்காக இருக்கையின் நடுவில் உட்கார்ந்து இடக்கையாலும் இடக்காலாலும் வண்டி ஓட்டுவாராம். அதை அப்படியே உட்கார்ந்து நடித்துக் காட்டினார். அவர் மனைவி சோல்வெய்க் இறந்து ஆறேழு வருஷமாகிறது.

அங்கே பைன் மரங்களை நட்டு ஸ்டூடிபேக்கர் என்று எழுதியிருக்கிறார்களே, உனக்கு நினைவிருக்கும். சாப்பிட்ட பிறகு அதற்குள்ளே நடந்தோம். மேலே விமானத்தில் போகிறவர்களுக்குத்தான் அது எழுத்து, உள்ளே நிற்கிறவர்களுக்கு வெறும் மரம், நிழல், காலடியில் மெத்தென்று ஊசி இலை. வெளிச்சம் பச்சையாக இறங்கியது. காற்று மேலே மட்டும் வீசியது, கீழே எங்கள் மேல் படவில்லை, எங்கோ தூரத்தில் கடல் இருப்பது போலச் சத்தம் மட்டும் கேட்டது. நாம் எந்த எழுத்துக்குள் நிற்கிறோம் என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். வெகுநேரம் நடந்தோம், ஒரு வளைவில் திரும்பினோம், அது எழுத்தின் வளைவாகத்தான் இருக்க வேண்டும். டெக்லா, அப்பா போன பிறகு மனசு ஒரு இடத்தில் நின்றது அன்றைக்குத்தான். அதன் பிறகு அவர் கோடை முழுவதும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினார், ஆகஸ்டில் இரண்டு முறை வந்தார், இரண்டாவது முறை அதே மரங்களுக்குள்தான் கேட்டார். “ப்ரோனியா, மிச்சக் காலத்த நாம சேந்து இருந்துரலாமா? நீங்க அயோவாவுக்கு வர வேணாம். நான் இங்க வந்துர்றேன்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, பயம்தான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் பாதி, பக்கத்து வீட்டில் இருக்கும் உன் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் மீதி.

அத்தையிடம் நான் சொல்லவே இல்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். கல்லறைத் திருநாளுக்கு வருஷாவருஷம் அவளை நான்தானே கூட்டிப்போகிறேன். அதற்கு முந்தின நாளே கூரையின் ரப்பரை மாற்றித் தருகிறேன் என்று ஹால்வர் வந்து விடுதியில் தங்கியிருந்தார். காலையில் அத்தை மெழுகுவர்த்திப் பையோடு கம்பூன்றி வந்து பார்த்தால் வண்டியின் பின்கதவுக்கு வெளியே இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. “யாருடி இவன், என் தம்பி வண்டிக்குள்ள கால நீட்டிப் படுத்திருக்கான்?” என்றாள். அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். நான் சுருக்கமாகச் சொன்னேன், அவரைப் பற்றியும் சொன்னேன், அவர் கேட்டதையும் சொன்னேன். அத்தை முகம் எனக்குத் தெரியும், அது கல்லாகிவிட்டது. அறுபத்திரண்டு வயசுல இது வேணுமா உனக்கு, அதுவும் ஒரு லூத்தரன், நம்ம சபைகூட இல்ல என்றாள். வாலென்டி இருந்திருந்தால் என்று அப்பா பெயரைச் சொல்லி ஆரம்பித்து, அவன் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்பது அவளுக்கே புரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அழத் தொடங்கினாள். அவள் அழுது நீ பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்ததும் ஒரு தடவைதான். “ஆலை போச்சு, தம்பி போனான், டெக்லா ஒலகத்தோட அந்தக் கோடிக்குப் போயிட்டா. நீயும் போயிட்டா ஞாயித்துக்கெழம நான் யாரு வீட்டுல சூப்பு குடிப்பேன்?” என்றாள். அதுதான் அவள் பயம். என் கல்யாணம் இல்லை, என் வாசல் பூட்டிக் கிடக்குமோ என்கிற பயம். அவர் இங்கேதான் வரப்போகிறார், நான் எங்கும் போகவில்லை என்று சொன்னேன். நம்பாதவள் போல மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லறைக்குப் போக வேண்டுமே. ரப்பர் ஒட்டிய பசை காயவில்லை, கூரையை மூட முடியாது, திறந்தபடிதான் போக வேண்டும் என்றார் ஹால்வர். நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் இருவரும் போய்வாருங்கள் என்றும் சொன்னார். அத்தை யோசித்துவிட்டு, வண்டி நின்றுபோனால் யார் தள்ளுவது, வரட்டும் என்றாள். ஆனால் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வர என்னால் முடியாது என்று கடைசி இருக்கையில், பின்பக்கம் பார்த்து உட்காரும் அந்த இடத்தில் ஏறிக்கொண்டாள். இரண்டு கம்பளியைச் சுற்றிவிட்டோம். நான் ஓட்டினேன், அவர் என் பக்கத்தில், பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் பனி விழ ஆரம்பித்தது. இந்த வருஷத்தின் முதல் பனி, டெக்லா. பெரிய பெரிய இதழாக, அவசரமில்லாமல், திறந்த கூரை வழியாக நேராக அத்தையின் மேல் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன், அவள் தொப்பி, தோள், கம்பளி எல்லாம் வெள்ளை. பதறிப்போய் ஓரமாக நிறுத்தினேன், ஹால்வர் தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு அவளைப் போர்த்த இறங்கிப் போனார். அவள் முகத்தை மேலே தூக்கி, கண்ணைத் திறந்துகொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேணாம், விடுங்க. எவ்வளவு நல்லாருக்கு. ஓட்டச் சொல்லுங்க அவள” என்றாள். விடுங்க என்றாள், கவனித்தாயா, விடு என்று சொல்லவில்லை. மீதி வழி முழுக்க நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். தெருவில் சத்தமே இல்லை, வீடுகளெல்லாம் தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது, நாங்கள் மூன்று பேர் மட்டும் ஒரு படகில் போகிறது போல இருந்தது.

கல்லறையில் வழுக்கியது. அத்தை ஒரு பக்கம் கம்பு, மறு பக்கம் கையை யாரிடமும் கேட்காமல் நீட்டினாள், ஹால்வர் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம், காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது முறை நின்றது. அவள் கல்லைத் தட்டி, வீட்டில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுப் பேசினாள். “வாலென்டி, ஒருத்தர் வந்துருக்கார். ஒன் வண்டியப் பாத்துக்கிறார். ஆள் எப்படின்னு நான் இன்னும் முடிவு பண்ணல. பண்ணுனதும் சொல்றேன்.” ஹால்வர் தலை குனிந்து நின்றார். அவர் உதடு அசைந்தது, அவரும் அப்பாவிடம் ஏதோ சொன்னார் என்று நினைக்கிறேன், என்னவென்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பி அவளை இறக்கிவிட்டபோது என் காதோடு, “இன்னும் எதுக்குப் பதில் சொல்லாம வெச்சிருக்க? அந்த ஆளு கெழவனாயிருவான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹால்வர் நம் சமையலறையில் கையிலிருந்த பசையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று சரி என்றேன். எதற்குச் சரி என்றார். ஆகஸ்டில் கேட்டீர்களே, அதற்கு என்றேன். அவர் திரும்பவில்லை. கை சுத்தமான பிறகும் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டே நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. நான் போய்த் துண்டு கொடுத்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஜனவரி கடைசியில் கல்யாணம், தவக்காலத்துக்கு முன்பு, நம் கோயிலில்தான், பாதிரியாரிடம் பேசியாகிவிட்டது. உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, சம்மதம் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயாலும் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். அப்பாவின் இடத்தில் யாரையும் நான் உட்கார வைக்கவில்லை. அவர் கோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது, ஹால்வர் தன் கோட்டுக்கு அதன் பக்கத்தில் தானே வேறொரு ஆணி அடித்துக்கொண்டார். உனக்குக் கோபம் வரலாம், அழுகை வரலாம், வந்தால் வரட்டும். கோபம் ஆறிய பிறகு கூப்பிடலாம் என்று தள்ளிப்போடாதே. கோபத்தோடேயே கூப்பிடு. நீ திட்டினாலும் அது உன் குரல்தானே.

ஜனவரிக்கு வர முடிந்தால் வா, முடியாவிட்டால் மனசு சங்கடப்படாதே, டிக்கெட் விலை எனக்குத் தெரியும். வெயிலில் தொப்பி போடாமல் அலையாதே. அந்த முட்டையை மறக்காதே. அத்தை உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், கூடவே, வரும்போது அங்கே நல்ல கம்பளிக் காலுறை கிடைக்குமாம், அடர் நீலத்தில் இரண்டு ஜோடி வேண்டும் என்று எழுதச் சொன்னாள். ஒரு ஜோடி அவளுக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். ஆண்பிள்ளைக் கால் அளவு வாங்கச் சொல்லு என்று மட்டும் சொன்னாள்.

மாதா தன் மேலாடைக்குள் உன்னை வைத்துக் காக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் வெளிச்சம் இருக்கட்டும்.

எப்போதும் உன்,
அம்மா ப்ரோனியா