வெட்டிய நாலு வரி

5 ஜனவரி 2008, சனி

காலையில் வந்த ஏஜென்சி செய்தி: புளூ-ரே, எச்.டி. டிவிடி என்று போட்டிபோடும் இரண்டு புது வகை டிஸ்கிலும் படம் வெளியிட்டுவந்த பெரிய ஹாலிவுட் கம்பெனி ஒன்று, மே மாதத்துக்குப் பிறகு புளூ-ரேயில் மட்டும் வெளியிடப்போகிறது. எச்.டி. டிவிடிக்கு இது பலத்த அடி. ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். இணைப்பிதழ் ஆசிரியர் ஈஸ்வரமூர்த்தி, "நம்மூர்ல இதெல்லாம் யாருங்க பாக்கறாங்க" என்று இரண்டு வரியாக்கினார்.

பீளமேட்டில் ஒருத்தி பார்க்கிறாள். அவளுக்குப் போன் செய்ய வேண்டும்.

6 ஜனவரி, ஞாயிறு

செய்யவில்லை.

8 ஜனவரி, செவ்வாய்

மதிவதனியே கூப்பிட்டாள். "ஏனுங்ணா, பேப்பர்ல என்னமோ போட்டிருக்குதாமா? எதிர்க்கடை மிதுன் வந்து, 'அக்கா, உங்க பிளேயர்ல ஆப்பம் ஊத்தலாமுங்களா'ங்கறான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பொறுத்துப் பார்ப்போம் என்றேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். மதிவதனிக்குக் கல்லூரி ஹாஸ்டல்களுக்கு நடுவே டிவிடி வாடகைக் கடை. ஒன்பது வருஷமாக நான் அங்கேதான் வாடகைக்குப் படம் எடுக்கிறேன். நவம்பரில் ஒரு யோசனை கேட்டாள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஜெரோம் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். புது வகை பிளேயரும் டிஸ்கும் கொண்டுவரச் சொல்லலாமா, சொன்னால் இரண்டில் எதை? ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. ஹாஸ்டல் பிள்ளைகள் படத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்கிறார்கள். டிவிடியை மட்டும் வைத்துக்கொண்டு கடை இன்னொரு வருஷம் தாங்காது. பிளேயர், டிஸ்க், அமெரிக்க கரண்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், மூன்றையும் சேர்த்து வீடுகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது அவள் திட்டம். முன்பு வீடியோ டெக் விட்டார்களே, அது மாதிரி.

"வியாழக்கிழமை என் பக்கத்துல எழுதறேன் அம்மணி. படிச்சுப்போட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். வாயால் சொல்வதைவிட அச்சில் வருவது சரியாக இருக்கும் என்று நினைப்பவன் நான்.

நான் எழுதியது: எச்.டி. டிவிடி விலை குறைவு. எந்த நாட்டில் வாங்கிய டிஸ்கும் எந்த நாட்டு பிளேயரிலும் ஓடும். கடைசிப் பத்தி நாலு வரி: போட்டி இன்னும் முடியவில்லை, தோற்கிற பக்கத்துக்குப் புதுப் படம் வராது, மார்ச் வரை எதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

நவம்பர் 22 பேப்பரில் அந்த நாலு வரி இல்லை. அந்த இடத்தில் இறக்குமதிச் சாமான் கடை ஒன்றின் விளம்பரம். வெட்டியவர் ஈஸ்வரமூர்த்தி. அவள் படித்தாள். ஜெரோம் மூன்று பிளேயரும் எண்பது டிஸ்கும் கொண்டுவந்தான்.

17 ஜனவரி, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து ஆபீஸ். திருத்தம் போடச் சொன்னேன். "தப்பா ஒரு வரி இருந்தாக் காட்டுங்க, போட்டுர்லாம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. காட்ட முடியவில்லை. அச்சான வரியெல்லாம் சரி.

2 பிப்ரவரி, சனி

மறுபடி கேட்டேன். "மூணு மாசப் பழசுங்க" என்று டீயைக் குடித்தார். விளம்பரக்காரனுக்காக நாலு வரிய வெட்டிப்போட்டு எப்படித்தான் இந்த மனுசனுக்கு டீ இறங்குதோ.

20 பிப்ரவரி, புதன்

முடிந்துவிட்டது. எச்.டி. டிவிடியைக் கொண்டுவந்த ஜப்பான் கம்பெனியே இனி அதைத் தயாரிப்பதில்லை என்று நேற்று டோக்கியோவில் அறிவித்துவிட்டது. எங்கள் பேப்பரில் ஒற்றைப் பத்தி.

மதியம் பீளமேடு போனேன். வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பிளேயரைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். டிரான்ஸ்பார்மரோடு மேசைமேல் கிடந்தன.

"முடிஞ்சுதுங்களாண்ணா?"

"முடிஞ்சுது அம்மணி."

"உங்க கட்டுரைய நேத்து இன்னொருக்கா படிச்சனுங்க. பொறுங்கன்னு ஒரு வார்த்தை எங்கியும் இல்லீங்களே. இருந்திருந்தா எந்தம்பிய வெறுங்கையோட வாடான்னிருப்பேன்."

எழுதியிருந்தேன், ஆசிரியர் ஈஸ்வரமூர்த்தி வெட்டிவிட்டார், எனக்குத் தெரியாமல் என்றேன். உடனே நம்பினாள். "உங்க பேரப் போட்டு உங்களையே ஏமாத்திருக்கானுங்களேண்ணா. அந்தாளு உருப்படுவானா" என்று ஈஸ்வரமூர்த்தியை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

கேட்க நன்றாக இருந்தது.

21 பிப்ரவரி, வியாழன்

ஆபீஸில் எல்லோர் முன்னாலும் ஈஸ்வரமூர்த்தியிடம் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. அலமாரியிலிருந்து நவம்பர் மாதப் புரூஃப் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். பக்கம் அச்சுக்குப் போகும் முன் எழுதியவர் புரூஃபின் மூலையில் இனிஷியல் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆறு மாதம் வைத்திருப்பார்கள்.

22-ஆம் தேதிப் பக்கம். கடைசிப் பத்தி இல்லை. விளம்பரம் இருக்கிறது. மூலையில் என் இனிஷியல்.

"நாலு வரி எடுக்கறேன்னு உங்ககிட்டச் சொன்னனுங்களா இல்லீங்களா?"

சொன்னார். மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. ஜனவரி 8 அன்று நடந்ததை வரிசையாக எழுதியபோதும் தெரியும். சாயங்காலம் நாலரை, உக்கடம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், நாலு வரிதானே என்று இனிஷியல் போட்டேன்.

சரி, போட்டாச்சு. அவளுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே? கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் இருந்துச்சே. ஏன் பண்ணல? பேப்பர்ல வந்தாச் சரியா இருக்கும்னு சொன்ன வாயால, பேப்பர நம்பாதீங்கன்னு சொல்ல வெக்கம். அதுதான் — வேற ஒண்ணுமில்ல.

5 மார்ச், புதன்

நாளை சிவராத்திரி. ஈஸ்வரமூர்த்தி வருஷா வருஷம் போல அவிநாசிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டார். பக்கம் என் பொறுப்பில்.

கீழே வலது மூலையில், கட்டம் கட்டி: "நவம்பர் 22 அன்று வெளியான டிஸ்க் பற்றிய கட்டுரையில், மார்ச் வரை எதையும் வாங்க வேண்டாம் என்ற எச்சரிக்கை நீக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தும் கட்டுரையாளர் மருதாசலம் ஒப்புதல் அளித்தார். கட்டுரையை நம்பி வாங்கியவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார்."

7 மார்ச், வெள்ளி

"எம்மேல கோவம்னா எங்கிட்டக் காட்டுங்க. ஊரக் கூப்பிட்டு வெச்சு எதுக்குங்க?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. வியாழக்கிழமைப் பக்கம் இனி எனக்கு இல்லை.

திருத்தத்தைப் படித்துவிட்டு வந்த போன் ஒன்று. புளூ-ரே கோயமுத்தூரில் எங்கே கிடைக்கும் என்று வாசகர் ஒருவர் கேட்டார்.

9 மார்ச், ஞாயிறு

கடைக்குப் போனேன். வியாழக்கிழமை பேப்பர் பார்த்தீங்களா என்றேன்.

"பேப்பர நிறுத்திப்போட்டனுங்ணா. இந்த மாசத்தோட கடையே முடியுது, யாரு படிக்கறது?"

அதனால் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. வெட்டியதைப் பார்த்தேன், இனிஷியல் போட்டேன், போன் செய்யவில்லை. மூன்றையும் சொன்னேன். டிஸ்க் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கேட்டுக்கொண்டே துடைத்தாள்.

"அப்ப, அன்னிக்கு நான் அந்தாளத் திட்டுனப்ப, பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

"சரிங்க" என்றாள். அடுத்த உறையை எடுத்தாள்.

24 மார்ச், திங்கள்

மார்க்கெட் நிலவரம் என் பொறுப்பு. ஈரோடு மஞ்சள், பொள்ளாச்சி கொப்பரை. இரண்டையும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தேன்.

வேலை முடிந்து போகும்போது பஸ் பீளமேட்டில் நின்றது. மதிவதனி கடைக்குள்ளிருந்து பெட்டிகளை எடுத்துக் கொடுக்க, மிதுன் வாங்கி எதிர்க்கடைக்குக் கொண்டுபோனான். அவன் ஏதோ சொன்னான். அவள் பெட்டியாலேயே அவன் தோளில் இடித்துவிட்டுச் சிரித்தாள். கண்டக்டர் இரண்டு தடவை "பீளமேடு" என்றார். நான் இறங்கவில்லை.