மாடிக்கு வந்துபோன பூனை

இன்று காலை வேப்பம் பிண்ணாக்கு மூட்டையை அவிழ்த்தேன். அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும் முதலில் உன் ஞாபகம் வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தாய். முந்தாநாள் வரை இந்த வாடைக்கு என் கண் கலங்கிக்கொண்டிருந்தது. இப்போது பல்லைக் கடிக்கிறேன். நேரில் வைத்து நாலு வார்த்தை கேட்க முடியாததால் எழுதுகிறேன். பதில் சொல்ல வேண்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய், கெட்டிக்காரி.

குழித்துறையில் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள் நம்முடையவை. மொட்டைமாடிகளுக்கு நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். செடியைக் கேட்டு வாங்கினால் பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் தழைக்கும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் பாதி நம்புவார்கள். நாம் இரண்டு பேரும் முழுசாக நம்பினோம். மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துச் சுவரைத் தாண்டுவோம். மறுநாள் காலையில் நீ துணி காயப்போட வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆரம்பிப்பாய்.

“ஏட்டி, நேத்து என் மாடிக்கு ஒரு பூனை வந்துட்டுப் போயிருக்கு. செம்பருத்திக் கொம்பு ஒண்ணக் காணல்ல. நீ பாத்தியா?”

“கறுத்த பூனையா, வெளுத்த பூனையா?” என்பேன் நான்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒருத்தியை ஒருத்தி கேட்டதே கிடையாது.

என் மாடியில் நான் உயிராக வைத்திருந்தது நல்லமிளகுச் செடி. கொடியாகப் படராமல் தொட்டியிலேயே குத்தாக நிற்கும் வகை. அப்பா போனபிறகு அவருடைய விளை, அந்தத் தோட்டம், கைமாறியது. வாங்கினவர்கள் ரப்பர் வைக்க எல்லாவற்றையும் வெட்டுவதற்குள், பலாவில் ஏறியிருந்த கொடியின் பக்கக் கிளைகளை முறித்துக்கொண்டு வந்தேன். பிடித்தது ஒன்றுதான். அப்பாவின் விளையிலிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். அதில் ஒரு கிளை ஒருநாள் காணாமல் போனது. மறுநாள் நான் பூனையைப் பற்றிக் கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்று இரண்டானது நல்லதுதானே என்று நினைத்தேன்.

பிறகு அந்த வழுதலங்காய் நாற்று. உன் மாடிப்படி ஓரத்தில் தனியாக ஒரு சட்டியில் நின்றது. வெள்ளை வரி போட்ட கத்தரி, நான் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த இனம். வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து வந்தேன். வேறு தொட்டி கைவசம் இல்லாததால் மிளகுத் தொட்டியின் ஓரத்திலேயே ஊன்றினேன். மறுநாள் துணி காயப்போட வந்த நீ மழையைப் பற்றிப் பேசினாய், மீன் விலையைப் பற்றிப் பேசினாய். பூனையைப் பற்றி மட்டும் பேசவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

வழுதலை வளரவே இல்லை. தண்ணீர் விட்டாலும் மத்தியான வெயிலில் துவண்டு விழும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் மிளகின் இலைகளும் பழுக்கத் தொடங்கின. சாணிப்பொடி போட்டேன், மோர் ஊற்றினேன். கடைசியில் நீதான் சொன்னாய்.

“இலையப் பாத்துட்டு நின்னா என்ன தெரியும்? வேரைப் பாருட்டி.”

வண்டின் வெள்ளைப்புழுவாக இருக்குமோ என்று முதலில் மண்ணைக் கிளறினோம். அது என்றால் சுருண்டு கிடக்கும், கண்ணுக்குத் தெரியும், பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். ஒன்றுமில்லை. வழுதலையைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினாய். வேர் முழுக்கக் கழலை கழலையாக முடிச்சு. “பயறு வேர்லயும் முடிச்சு உண்டு. அது நகத்தால தட்டுனா உதிரும். இது உதிராது பாரு, வேரே வீங்கியிருக்கு. நூற்புழு. கண்ணுக்கே தெரியாது” என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. என் செடிக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்து நான்தான் உனக்குத் தைரியம் சொன்னேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

அதற்கப்புறம் நீ பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணை நனைத்துப் பரப்பி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள் மூடி, சித்திரை வெயிலில் வேகவைத்தாய். மிளகின் கெட்ட வேர்களை நறுக்கிப் புதுமண்ணில் வைத்தாய், பிண்ணாக்கு கலந்தாய், சுற்றிலும் செண்டுமல்லி நட்டாய். ஒன்றும் பலிக்கவில்லை. கணுக்கணுவாக உதிர்ந்து, மிளகு வெறுங்குச்சியாக நின்றது. அப்போது கேட்டேன்.

“உங்கிட்ட ஒண்ணு உண்டும்லா? அதுல ஒரு கொம்பு தாயேன்.”

ஆயுசில் முதல் தடவையாக உன்னிடம் வாய்விட்டுக் கேட்டேன். “அது எப்பவோ பட்டுப்போச்சுட்டி” என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனாய்.

முந்தாநாள் அண்ணன், உன் வீட்டுக்காரர், செடிகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செங்கல் அடுக்கி உயர்த்திய மேடையில், என் மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் நின்றது நல்லமிளகு. சரம் சரமாகக் காய்த்து நின்றது. இது பட்டுப்போனதாக அல்லவா சொன்னாள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த வழுதலைல புழு உண்டுன்னு அவளுக்கு முன்னாலயே தெரியும் தங்கச்சி. எரிக்கதுக்குத்தான் படிக்கிட்ட ஒதுக்கி வச்சிருந்தா. நீங்க எடுத்துட்டுப் போறத நின்னு பாத்தா. போய்ச் சொல்லிருன்னு நான் சொன்னேன். களவாணி கொஞ்சம் படட்டுன்னு சிரிச்சா. மிளகுக்குப் பக்கத்துல வைப்பியள்னு அவ நினைக்கல்ல. பொறவு சொல்ல வாய் வரல்ல.”

“இதையாவது தந்திருக்கலாமேண்ணே?”

“தந்தா, இது மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு நீங்க கேப்பியள்லா.”

கேட்டிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு நானே சுவரைத் தாண்டி வந்திருப்பேன் என்று உனக்குத் தெரியாதா? அது தெரியாமலா என் பக்கத்தில் இத்தனை காலம் இருந்தாய்? நான் அழுதுகொண்டு மிளகின் வேரைக் கழுவும்போது, தெரிந்தே எனக்கு வாளி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். உன் சாவுக்கு அழுத அழுகையைத் திரும்பக் கேட்கலாம் போலிருக்கிறது.

“எடுத்துக்கிடுங்க தங்கச்சி” என்றார் அண்ணன். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நேற்று மத்தியானம் அவர் படுத்திருந்த நேரம் சுவரைத் தாண்டிப்போய் தொட்டியோடு தூக்கி வந்தேன். இனி எந்தச் செடி வந்தாலும் எனக்கு முதல் வேலை ஒன்றுதான், அதைச் செய்தேன். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி வேரைப் பார்த்தேன். வெளுப்பாக, ஒரு முடிச்சு இல்லாமல் இருந்தது. என் அப்பாவின் செடியை எனக்குத் தெரியாமல் என்னைவிட நன்றாக வளர்த்திருக்கிறாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று அதைப் புதுமண்ணுக்கு மாற்றினேன், பிண்ணாக்கு அதற்குத்தான். கை கழுவும்போது அண்ணன் துணி காயப்போட வந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார், என் மாடியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனார். பூனையைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று வெயில் ஏறும்வரை சுவரோரம் நின்றிருந்தேன்.