கை நனைக்காத வீடு

இன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வேலை விட்டு வரும்போது தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் இருக்கிற அந்த ஹோட்டலில் சாம்பார் வடை பார்சல் வாங்கி வந்தார். பிளாஸ்டிக் கவரில் சாம்பாரை ஊற்றி வாயை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மகள் நூலை அவிழ்த்ததும் வாசனை வீடெல்லாம் போனது. வெந்த சின்ன வெங்காயம், மேலே தூவின கொத்தமல்லி. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு நோட்டு எடுத்தாம்மா, கடுதாசி எழுதணும்" என்றேன். யாருக்கு என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். நீ செத்துப் பதினெட்டு நாள் ஆகிறது என்று அவளுக்கும் தெரியும். பேனாவை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியாததில்லை. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். உன் மகனுக்கு என்று நீயாகக் கேட்ட பெண்தான் எழுதுகிறாள். பத்தாவது படித்தவள் கையில் வருவதால் என் பேச்சு கொஞ்சம் சட்டை மாட்டிக்கொண்டு வரும். விஷயம் என்னுடையது.

செய்யாறு அரிசி ஆலையில் நாம் ஒரே லாரியில் மூட்டை ஏற்றிய காலத்தில் இவளுக்குக் காது குத்தினோம். பந்தி நடந்துகொண்டிருந்தபோது நீ எழுந்து நின்றாய். "இவ என் வூட்டு மருமவ. வேற எவனாவது பொண்ணு கேட்டு வந்தீங்க, கால ஒடிச்சிடுவேன்" என்றாய். சபையே சிரித்தது. அன்றிலிருந்து மச்சான் என்று கூப்பிடுவதை விட்டு என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டாய். தாம்பரம் போய், சேலையூரில் சிமெண்டுக் கடை போட்டு, வண்டி வாங்கி, மாடி கட்டின பிறகும் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் தெருமுனையிலேயே "சம்பந்தி கீறாரா?" என்று சத்தம் கொடுப்பாய். நம் ஆட்களில் ஒருவர்கூட இவளைப் பெண் கேட்டு வரவில்லை. சபையில் சொன்ன பேச்சு இருக்கும்போது எவன் வருவான்? அப்படியே இவளுக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. உண்டு இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டு வரத்தான் நான் பஸ் ஏறினேன். ஊர் பார்க்க ஏறவில்லை.

போனில் உன் வீட்டு அட்ரஸ் கேட்டேன். "இன்னாத்துக்கு? நீ படிக்கவா போற? ஸ்டேஷன் படிக்கட்டாண்ட நில்லு, நான் வந்து இட்டுகினு போறேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

வந்தாய். புதுச் சட்டை, கையில் வண்டிச் சாவி. பையைப் பிடுங்கி நீயே தூக்கிக்கொண்டு என்னை ஒரு லாட்ஜுக்கு அழைத்துப் போனாய். "வூட்ல வெள்ள அடிக்கிறாங்க மச்சான். சுண்ணாம்பு நெடி, உனக்கு ஒத்துக்காது." மூட்டை சுமந்து உமித்தூசியை மூச்சாக இழுத்தவனுக்குச் சுண்ணாம்பு நெடி ஒத்துக்கொள்ளாதாம். ஆனால் அப்போது எனக்கு உறைத்தது அது இல்லை. நீ மச்சான் என்று கூப்பிட்டது மட்டும் காதில் கொஞ்சம் இடித்தது. பட்டணத்தில் நாலு பேர் நடுவில் சம்பந்தி என்று கூப்பிடக் கூச்சமாக இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

முதல் நாள் வண்டலூர். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து நீ நின்றுகொண்டே வந்தாய். வெள்ளைப் புலி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தபடியே இருந்தது. "அதுக்கு வேலையே இதான்" என்றாய். வேனில் ஏற்றி உள்ளே அழைத்துப் போனார்கள். சிங்கம் மரத்தடியில் படுத்திருந்தது, நம்மைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெளியே வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். "பசங்க விசயம்..." என்றேன். "மொதல்ல சாப்புடு மச்சான். பேச்சு எங்க போயிடப் போவுது?" என்று கேன்டீனுக்குக் கூட்டிப் போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் ஒரு ரூபாய் போனில் ஊருக்குப் பேசினேன். பக்கத்து வீட்டு போனுக்கு இவள் வந்து காத்திருந்தாள்.

"வூடு எப்பிடிப்பா கீது?" என்று கேட்டாள்.

"வூட்டுக்குப் போவலம்மா. வெளியதான் சாப்பாடு."

நான்தான் சொன்னேன்: "அவன் முறை தெரிஞ்சவன். பேசி முடிக்கிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது இல்ல? அதான் வூட்டுக்குக் கூப்புடாம ஓட்டல்ல சாப்புட வைக்கிறான். நல்லபடியா முடியும்."

அந்தப் பக்கம் இவள் சிரித்தது கேட்டது. எல்லாவற்றையும்விட எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் இருக்கிறது. சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். கை நனைத்துவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி. அதே வழக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முடிக்க மனசில்லாதவனும் கை நனைக்க விடமாட்டான். பாதி வழக்கத்தை மட்டும் நினைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன். மறதி இல்லை. எனக்கு மறதி கிடையாது. நினைக்கப் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் கரண்ட் ரயில். போர்டு படிக்கத் தெரியாதவன் என்பதால் ஸ்டேஷனை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். திரிசூலம் தாண்டும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கியது. நீ என் தாடையைப் பிடித்து நிமிர்த்திக் காட்டினாய். குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. அப்போது உன் கடைக்கு வருகிற மேஸ்திரி ஒருவர் பெட்டியில் ஏறினார்.

"யாரு சார் இது?"

"எங்க ஊர்க்காரரு. மெட்ராஸ் பாக்க வந்துகிறாரு."

"பாத்துட்டீங்களா பெருசு? பாத்து இன்னா பண்ணப் போறீங்க, எல்லாம் டிராபிக்குதான்" என்று அவர் சிரித்தார். எங்க ஊர்க்காரரு. இருபத்திமூன்று வருஷம் சம்பந்தியாக இருந்தவன் அந்தப் பெட்டியில் ஊர்க்காரன் ஆனேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் எத்தனையாவது என்ற கணக்கும் அங்கேயே விட்டுப்போனது.

ரயில் இறங்கி பஸ் மாறி மெரினா போனோம். வேட்டியைத் தூக்கிக்கொண்டு நீ அலையில் நின்றாய். கரையில் நின்று நான் கேட்டேன், இந்த முறை சுற்றி வளைக்காமல். "எனக்கு ஒரு வார்த்த சொல்லு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. பொண்ணு காத்துகினு கீது." நீ கடலைப் பார்த்தாய். மிளகாய் பஜ்ஜிக்காரன் பக்கம் கையைக் காட்டினாய். "சூடா போடறான் பாரு. மொதல்ல சாப்புடு." தின்றேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. நீ சிரித்தாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு பஸ். அதற்கு முன்னால் டிபன் என்று இதே ஹோட்டலுக்கு அழைத்து வந்தாய். சாம்பாரில் முக்கின வடை வந்தது. பாதி தின்றிருப்பேன். உனக்குப் பழக்கமான சர்வர், நரைத்த மீசைக்காரர், தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணே, வெள்ளிக்கெழம நிச்சயத்துக்குக் கேசரியா, மைசூர்பாகா? மாஸ்டர் கேக்கச் சொன்னாரு."

"அப்பறம் சொல்றேன், போப்பா."

"அப்பறம்னா நெய் சொல்லணுமே அண்ணே."

"மைசூர்பாகு. போ."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். "யாருக்கு நிச்சயம்?" என்று கேட்டேன். நீ என் தட்டைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல சாப்புடு மச்சான்" என்றாய்.

அவ்வளவுதான் நீ எனக்குச் சொன்ன பதில்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மீதியைச் சொன்னாய். பையன் காலேஜ் படித்தவன், அவனே பார்த்துக்கொண்ட பெண், பேங்கில் வேலை, நான் இன்னா பண்றது. "மூணு நாளா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னாய்: "அவ்ளோ தூரத்துலேந்து வந்த. ஊரச் சுத்திக் காட்டாம எப்பிடி அனுப்புறது?" உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாய். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டித் தொலைத்திருப்பேன். மாடி வீட்டின் வாசலைக் கண்ணில் காட்டாமல் சிங்கத்தைக் காட்டினாய், கடலைக் காட்டினாய், விமானத்தைக் காட்டினாய். இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல நாக்கு வராதவன், அதைச் சுற்றிக்கொண்டு மெட்ராஸ் முழுக்க என்னை இழுத்துப் போனாய். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு பெட்டியை நீட்டினாய். "பொண்ணுக்குக் குடு. மைசூர்பாகு."

நீ செத்த பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். இவளை முடிச்சூரில் கட்டிக் கொடுத்து, நானும் இவளோடு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஷேர் ஆட்டோவில் வருகிற தூரம்தான். உன்னைப் படுக்க வைத்திருந்த கூடத்தில்தான் முதல் தடவை கால் வைத்தேன். சுவர் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பதினாறாம் நாள் உன் மகன் கையைப் பிடித்து இலை முன்னால் உட்காரச் சொன்னான். உன் வீட்டுக்காரம்மா வந்து, "சாப்ட்டுப் போங்கண்ணா, உங்களப் பத்தியே பேசிகினு இருப்பாரு" என்று அழுதார்கள். சர்க்கரை இருக்கிறது, வெளியில் சாப்பிடுவதில்லை என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. இனிமேல் அந்த வீட்டில் முடிக்க எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

உன்மேல் மட்டும் பழி போட்டு இதை முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எழுதுகிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே. சொல்லிவிடுகிறேன்.

சர்வர் சொன்னதைக் கேட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மீதி வடையையும் தின்று, தட்டிலிருந்த சாம்பாரையும் வழித்துக் குடித்தேன். எதிரில் நீ இருந்தாய், நீ சாப்பிடு என்றால் சாப்பிட்டுப் பழக்கம். அதைவிடப் பெரிது இன்னொன்று. ஊருக்குப் போய் அந்தப் பெட்டியை இவள் கையில் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. இனிப்பு வந்தால் என்ன அர்த்தம் என்று இவளுக்குத் தெரியும். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்து, கடைசித் துண்டைத் தான் தின்றாள். பத்து நாள் கழித்து நிச்சயம் முடிந்த செய்தி உறவுக்காரர் மூலமாக வந்தது. "என்னையும் ஏமாத்திட்டான்" என்று நானும் சேர்ந்து கத்தினேன். இவள் எனக்குத் தைரியம் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து, மனைவியை இழந்து கைக்குழந்தையோடு இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமானவர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனாலும் இத்தனை வருஷமாக அப்பாவும் தன்னோடு சேர்ந்து ஏமாந்தவர் என்றுதான் இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்ததை நான் ஏழு வருஷம் வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த மைசூர்பாகாப்பா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "எனக்கு அது காறல் வாசம் அடிச்சிது. ஒங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாம்பாரைச் சூடு பண்ணுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் சூடு பண்ணினாள்.

தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எம்மேல கோவமாம்மா? ஒரு வார்த்த சொல்லிடு" என்றேன்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதல்ல சாப்புடுங்கப்பா" என்றாள்.

இதையும் எழுது என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் வடையைப் பிட்டுக்கொண்டு இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.