எடைக் குமாஸ்தாவின் கால்

7 ஜனவரி 1935, திங்கள்

சம்பளம் வாங்கினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயருக்கு நேராக வழக்கம்போல 'இஸ்ரவேல், எடைக் குமாஸ்தா' என்று இருந்தது. குழித்துறை ஆற்றங்கரையில் இந்த ஓட்டுக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து யாரும் ஒரு ஓட்டை எடை போட்டதில்லை. ஓட்டை எண்ணித்தான் விற்கிறார்கள். கம்பெனியில் தராசே கிடையாது. இல்லாத தராசுக்கு மூன்று வருஷமாக நான் குமாஸ்தா.

காசு வாங்கிக் கால்பந்து களிக்கிறவனைக் கோப்பைக் கமிட்டிக்காரர்கள் சேர்க்கமாட்டார்கள். அதனால் எங்கள் டீமில் ஆளுக்கொரு உத்தியோகம். கோல் காக்கிற சுயம்புலிங்கம் தபால் குமாஸ்தா. அவனுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. பேக்காக நிற்கிற எனக்கு எடை. காலையிலும் சாயங்காலமும் பந்து, மாதம் பிறந்தால் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் எங்கள் குமாஸ்தா வேலை.

இன்று பதினெட்டு ரூபாய்க்குப் பதில் பதினைந்துதான் கொடுத்தார்கள். மானேஜர் பகவதியப்பனிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு கம்பெனி மொதலாளிமாரும் தக்கலையில கூடிப் பேசியாச்சு. களிக்காரன் எவனுக்கும் இனி பதினஞ்சுக்கு மேல கெடையாது. டீமுக்கு மாசம் இவ்வளவுதான் செலவுன்னு வரம்பு. பழைய மொதலாளி விடுதல் சீட்டு தராம அடுத்த கம்பெனிக்காரன் ஒருத்தனையும் எடுக்கவும் மாட்டான்."

போன வருஷம் வரை எங்களைப் போட்டி போட்டு இழுத்தது இதே மூன்று பேர்தான். இழுத்து இழுத்துக் கை வலித்துவிட்டது போலிருக்கிறது. எங்களிடம் யாராவது கேட்டார்களா?

8 ஜனவரி

வீட்டில் மனைவி ராஜபாயிடம் சொன்னேன். "அப்பம் அந்த மூணு ரூவாய்க்குக் கொறச்சுக் களியுங்கோ" என்றாள். சிரிப்பு வந்தது. அப்புறம் அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

20 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் டீமைக் கம்பெனி முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். மானேஜர் விதிகளை வாசித்தார். சைக்கிள் ஓட்டக்கூடாது. வேறு எந்த ஊருக்காகவும் களிக்கக்கூடாது. அடிபட்டுப் படுத்தால் பாதிச் சம்பளம், அதுவும் ஒரு மாதத்துக்கு. மரம் ஏறக்கூடாது. மரம் ஏறினது தெரிந்தால் அன்றே நிறுத்தம்.

கடைசி விதியை வாசிக்கும்போது என்னைப் பார்த்தார். டீமில் பனையேறிக் குடும்பம் நான் ஒருவன்தான். தக்கலைக் கம்பெனிக்காரன் ஒருவன் போன வருஷம் பனையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். அன்றிலிருந்து முதலாளிமாருக்குப் பனை என்றாலே ஆகாது. எனக்கென்ன, நான் மரத்தைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. காலில் இருந்த காய்ப்பெல்லாம் உதிர்ந்து, பள்ளிக்கூடத்து வாத்தியார் கால் மாதிரி ஆகிவிட்டது.

11 பிப்ரவரி, திங்கள்

அப்பாவுக்கு மூச்சிழுப்பு அதிகம். பனை பாளை விடுகிற நேரம். இரண்டு மரம் ஏறி இறங்கியவர் மூன்றாவது மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். விலா எலும்பு கைக்கடியில் ஏறி ஏறி இறங்கியது.

25 பிப்ரவரி, திங்கள்

பனைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். விளையிலுள்ள மரங்களை அப்பா அவரிடம்தான் வருஷப் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறார். பாளையைத் தினம் சீவாவிட்டால் காய்ந்து போகும், கருப்பட்டி காய்ச்ச அக்கானி ஊறாது. அது அவருக்கும் தெரியும். "ஆளு இல்லேன்னா சொல்லிருங்கோ, நான் வேற ஆளுக்குக் கொடுக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கூலிக்கு ஏறுகிறவனுக்குக் கொடுத்துவிட்டால் கருப்பட்டியில் எங்களுக்கு மிஞ்சுவது அடுப்புச் சாம்பல்தான். பந்து களித்து வருகிற பதினைந்தில் மூன்று பேர் வருஷம் முழுக்கச் சாப்பிட முடியாது. பனையை விட்டால் அதை நம்பித்தான் இருக்கவேண்டும். பனை ஏறினால் அதுவும் போய்விடும். இதில் எதை எப்படி யோசிப்பது? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

அப்பா கேட்டார்: "மக்கா, ஒனக்க காலு ஒனக்க காலா, கம்பெனிக்க காலா?"

பதினைந்து ரூபாய்க்கு அது கம்பெனியின் கால்தான்.

4 மார்ச், திங்கள்

ஏறிவிட்டேன். விடியுமுன் எல்லா மரமும் முடித்து, ராஜபாய் அடுப்பு மூட்டும்போது கலயத்தை இறக்கினேன். நெஞ்சு உரிந்து எரிகிறது. ஆனால் மேலே போய் நின்றபோது, மூன்று வருஷமாக எங்கோ வைத்துவிட்டு வந்த ஒன்று கையில் கிடைத்த மாதிரி இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

6 மார்ச்

கெட்டது காரியம். மரமேறக் கால்களைப் பிணைக்கிற தளைநார் பாதத்தை இறுக்கிய இடத்தில் இரண்டு காலிலும் சிவப்பாகத் தோல் உரிந்திருக்கிறது. பழைய காய்ப்பு இருந்திருந்தால் ஒன்றும் தெரியாது. நெஞ்சைச் சட்டை மறைக்கும். வெறுங்காலில் களிக்கிறவன் காலை எதைக்கொண்டு மறைப்பான்?

7 மார்ச்

பூட்ஸ்.

முதலாளி போன வருஷம் மெட்ராஸிலிருந்து டீமுக்குப் பூட்சும் நீளக் காலுறையும் வரவழைத்தார். எங்களில் ஒருவனும் மாட்டவில்லை. சரக்கு வைக்கிற கிட்டங்கியில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. (பூட்சுச் செலவு வரம்பில் சேராதாம். கட்டடச் செலவில் எழுதியிருக்கிறார்களாம்.) இன்று போய் ஒரு ஜோடி கேட்டேன். மானேஜருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியளா, நாகரிகம் தெரிஞ்சவன் இஸ்ரவேலு ஒருத்தன்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சுயம்புலிங்கம் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தனியாக வந்து, "ஏலே, ஏறுதியா?" என்றான். தலையசைத்தேன். "நான் ஒண்ணும் பாக்கல்ல" என்று போய்விட்டான்.

16 மார்ச், சனி

அறுத்த வயலில் கோப்பைக்கான முதல் களி. இரண்டு கோலில் ஜெயித்தோம். அதில் எனக்குப் பங்கு இல்லை. பூட்சுக்குள் பந்து எங்கே படுகிறது என்றே தெரியவில்லை. யாரோ இரவல் கொடுத்த காலால் உதைப்பது போல இருக்கிறது. கரையில் நின்றவர்கள், "துரை வந்தாச்சு, துரை வந்தாச்சு" என்று கூவினார்கள். குனிந்துகொண்டே களித்தேன்.

23 மார்ச்

ராஜபாய் தொடுவெட்டிச் சந்தைக்குக் கருப்பட்டி கொண்டுபோனாள். நல்ல விலை. வரும்போது எனக்கு வேட்டி வாங்கி வந்திருக்கிறாள். "எடைக் குமாஸ்தா கந்தல் உடுக்கலாமா?" என்றாள். அவள் கேலி செய்தால் வீட்டில் அடுப்பு சரியாக எரிகிறது என்று அர்த்தம்.

6 ஏப்ரல், சனி

அரையிறுதி. தப்பித்தோம். சுயம்புலிங்கம் பாய்ந்து பாய்ந்து பிடித்திராவிட்டால் என் பக்கமாகவே நாலு கோல் போயிருக்கும். முடிந்ததும் மானேஜர் முகம் பழைய மாதிரி இல்லை. "என்னடே, காலு வரமாட்டேங்கு?" என்றார். பூட்சு பழகவில்லை என்றேன். "பழகு, பழகு. பதினஞ்சு ரூவா சும்மாவா தருது?" என்றார்.

விடியுமுன் பனை, அப்புறம் பந்து, பந்து முடிந்து இருட்டுமுன் மறுபடியும் பனை. உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறேன். இன்று ஜெபத்தில் உட்கார்ந்தவன் ஆமென் சொல்லவில்லை என்று ராஜபாய் சொன்னாள்.

19 ஏப்ரல், பெரிய வெள்ளி

கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை. பாதி தூங்கினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

27 ஏப்ரல், சனி

எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் தலைக்குள் கிடந்து உருளும்.

தக்கலை மைதானத்தில் கடைசிக் களி, தக்கலை முந்திரிக் கம்பெனியோடு. மூன்று முதலாளிமாரும் ஒரே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளைக்கு முன்னாலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். என்னால்தான். அவன் திரும்பினான், நானும் திரும்பினேன், பூட்சு வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கரையில் ஆயிரம் பேர் சிரித்தார்கள். குழித்துறையிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களும் சிரித்தார்கள்.

மறுபடி இறங்கும்போது ஒருவன் கத்தினான்: "அதக் கழத்திப் போடுலே இஸ்ரவேலு, நீ ஆருன்னு நமக்குத் தெரியாதா?"

கழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்து கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். புல் காலில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் கழற்றினேன்? கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்பா நினைவு வரவில்லை. ராஜபாய் நினைவும் வரவில்லை. பந்து மட்டும்தான் இருந்தது. நான் என்ன மனுஷன்.

அதற்குப் பிறகு ஒருவனும் என்னைத் தாண்டவில்லை. நான் அடித்துவிட்ட பந்தில்தான் முதல் கோல். இரண்டாவதும் வந்தது. கோப்பை எங்களுக்கு. ஆட்கள் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். தோளில் உட்கார்ந்தவன் கால் எல்லோர் முகத்துக்கும் நேரே தொங்கும். அதை நான் நினைக்கவில்லை.

முதலாளி மாலை போட வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, "காலில இது என்ன?" என்றார்.

"பூட்சு கடிச்சது மொதலாளி" என்றான் சுயம்புலிங்கம்.

மானேஜர் குனிந்து பார்த்தார். இந்த ஊர்க்காரர். எந்தக் கயிறு எங்கே கடிக்கும் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டாம். "பூட்சு குதிங்காலிலல்லா கடிக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். முதலாளி மற்ற இரண்டு முதலாளிமாரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

29 ஏப்ரல், திங்கள்

நிறுத்திவிட்டார்கள். மேஜைமேல் கோப்பையை வைத்துக்கொண்டே நிறுத்தினார்கள்.

மானேஜர் காலில் விழாத குறை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குச் செய்யியதுக்கு ஒண்ணும் இல்ல இஸ்ரவேலு. விதி போடணும்னு மத்தவங்ககிட்ட அடிச்சுப் பேசினதே நம்ம மொதலாளிதான். அவருக்க ஆளே மீறினா அவருக்கு எப்படி இருக்கும்?"

சரி, விடுதல் சீட்டாவது தாருங்கள், தக்கலைக்குப் போகிறேன் என்றேன்.

"சீட்டும் கெடையாது. நீ அங்க போயி நின்னா அடுத்த வருஷம் கோப்பை அங்கதான் போவும். அது மொதலாளிக்குத் தெரியாதா?"

அப்போ நான் யாரு? வேண்டாம்னு தள்ளின ஆளை எதுக்குக் கட்டிப் போடுதாவ? வாசல்ல நின்னு கேட்டேன். ஓட்டுச்சூளைக்காரங்கதான் பாத்துட்டு நின்னாவ.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ராஜபாய் அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும்.

6 மே

தக்கலைக்கு நடந்தே போய் வந்தேன். முந்திரிக் கம்பெனியில் மோர் கொடுத்தார்கள், அன்றைய களியைப் பற்றி ஆசையாகப் பேசினார்கள். சீட்டு கேட்டார்கள். இல்லை என்றதும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மற்றக் கம்பெனியில் உள்ளேயே விடவில்லை.

17 ஜூன்

மழை. பனைக் காலம் முடிந்தது. பானையில் அரிசி குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

9 செப்டம்பர், திங்கள்

கம்பெனியில் புது எடைக் குமாஸ்தா வந்திருக்கிறானாம். பத்மநாபபுரத்துப் பையன், பேக்குதான். நல்லா களிப்பானா என்று சுயம்புலிங்கத்திடம் கேட்டேன். "தராசு மாதிரி நிப்பான்" என்றான். எங்கள் கம்பெனியில் தராசு கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

25 டிசம்பர்

பண்டிகை. அப்பா கோயில்வரை நடந்து வந்தார். நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்தார்.

6 மார்ச் 1936, வெள்ளி

காலில் காய்ப்பு பழையபடி வந்துவிட்டது. தளைநார் இறுக்கினாலும் வலியில்லை.

மூன்றாவது மரத்தில் சீவிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து சுயம்புலிங்கம் கூப்பிட்டான். நாளைக்குக் கோப்பையின் முதல் களி, புதுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது, மானேஜர் என்னைக் கேட்டு அனுப்பியிருக்கிறார். இறங்காமலே, "எனக்குச் சம்பளம் உண்டா?" என்றேன்.

"இல்ல. அதுதான் நல்லதுங்காரு. சம்பளம் இல்லேன்னா செலவு வரம்புக்குள்ள நீ வரமாட்டியாம். கமிட்டிக்காரனும் ஒண்ணும் சொல்லமுடியாதாம்."

"மரம்?"

"அது ஒனக்க இஷ்டமாம்."

பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினேன். "சீட்டு?" என்றேன்.

"களி முடிஞ்சு பேசலாம்னு சொன்னாரு மக்கா." அதைச் சொல்லும்போது அவன் மேலே பார்க்கவில்லை.

பேசமாட்டார்கள். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வருகிறேன் என்று சொன்னேன். பூட்சு எடுத்துவர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ராஜபாயிடம் கடைசியில்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளி எரித்தாள்.

"என்ன தருவாவ?"

"களி முடிஞ்சா ஒரு சோடா தருவாவ."

அவள் போன வருஷம் வாங்கிய வேட்டியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

நாளை நாலு மணிக்குக் களி. அதற்குள் சாயங்கால ஏற்றத்தையும் முடித்துவிட வேண்டும்.