மலைமுகட்டின் மேல் ஒரு வளைவு

மார்ச் 4

விமானம் தரையிறங்கும் பாதையை வரைந்து முடித்துக் கொடுத்துவிட்டேன். ஏழு மாத வேலை. மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன விமான நிலையத்தில் மேகம் உட்கார்ந்தால் விமானம் வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போவதுதான் இதுவரை வழக்கம். இனி செயற்கைக்கோள் சமிக்ஞையை மட்டும் நம்பி, வெளியே ஒன்றும் தெரியாமலே, நானூறு அடி உயரம்வரை இறங்கலாம். அதற்குள் ஓடுபாதை விளக்கு தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். மலைகளுக்கு நடுவே வளைந்து வரும் அந்தக் கோடு நான் போட்டது.

அங்கேயே குடியிருக்கும் அக்காவிடம் சொன்னேன். "திரும்பிப் போன விமானத்துல பாதிக்கு மேல நான் இருந்திருக்கேன்டி. முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். பாராட்டாம்!

மார்ச் 9

கண்வலி. திரையைப் பார்த்துப் பார்த்தே.

மார்ச் 11

மதியம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். மொட்டை மாடியில் அத்தான், புதுத் தொப்பியோடு. அவர் தோளுக்குப் பின்னால் மலைமுகட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு செல்போன் டவர்.

"அது எப்போ வந்துச்சு?"

"போன மாசம்தான். இப்போ சிக்னல் சும்மா பறக்குது!"

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தேன். அந்த முகட்டுக்கு மேல்தான் என் கோடு வளைகிறது. வழியில் உயரமாக நிற்பவற்றை அளந்து எழுதிய சர்வே பட்டியலில் அங்கே வெறும் மரங்கள். பட்டியல் ஒரு வருடம் பழசு. தோராயமாகக் கணக்குப் போட்டேன். விமானத்துக்கும் டவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை.

பட்டியலில் இருப்பது சர்வேயர் கையெழுத்து. என் தலை உருளாது. அடுத்த வாரம் சோதனை விமானம் பறக்கும்போது அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? — சீ, என்ன யோசனை இது! அக்கா ஏறுகிற விமானம். யாரோ ஒருத்தியின் அக்கா ஏறினால் மட்டும் பரவாயில்லையா?

மார்ச் 12

எங்கள் தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'கடுகு' என்று பெயர். பொசுக்கென்று வெடிப்பார். எட்டரை மணிக்கே அவர் அறை வாசலில் நின்றேன். உள்ளே போய் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

வெடிக்கவில்லை.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். எங்க அக்கா அனுப்பின போட்டோல பார்த்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க. தேதி தள்ளிப்போகும். மேலிடத்துல நான் பேசிக்கிறேன், நீங்க போய் வேலையப் பாருங்க."

வெளியே வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

மார்ச் 16

சர்வேயர் மலையேறி அளந்தார். டவரின் உயரம் அறுபத்திரண்டு மீட்டர். அவரே போனில் கூப்பிட்டார். "நான் அளந்தப்போ அங்க அஸ்திவாரம்கூட இல்ல மேடம்."

"தெரியும் சார். உங்க மேல தப்பில்ல."

வளைவை இரண்டு மைல் தெற்கே தள்ளினேன். வழிகாட்ட செயற்கைக்கோள் இல்லாமல், தரையில் நட்ட கருவியை நம்பிய காலமாக இருந்தால் கோடு அந்தக் கருவியை ஒட்டியே போக வேண்டும்; இப்படித் தள்ளியிருக்க முடியாது.

ஏப்ரல் 27

சோதனை விமானி ஆறு முறை பறந்து பார்த்தார். "குறை சொல்லணும்னுதான் போனேன் மேடம். ஒண்ணும் அகப்படல."

அப்பாடா.

ஜூன் 14

இன்று அந்தப் பாதையில் இறங்கும் விமானத்தில் நானே அக்கா ஊருக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே பஞ்சுப்பொதியாக மேகம், இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. என்ஜின் சத்தம் தணிந்தது. உடம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தபோது, வளைகிறோம் என்று புரிந்தது. விநாடிகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். சட்டென்று கீழே ஈரத் தார். இரண்டு வரிசை விளக்கு. சக்கரம் தரையைத் தொட்ட அதிர்வு.

பெரியவர் விழித்தார். "அதுக்குள்ள வந்துட்டோமா? ஒரே மேகமா இருந்துச்சே!"

"வந்துட்டோங்க."

"பைலட் கெட்டிக்காரன்தான்."

"ஆமாங்க" என்றேன். மேலே இருந்த அவர் பையை எடுத்துக் கொடுத்தேன்.