திடீரென்று நன்றாக வாசிக்கிறார்

ஏப்ரல் 6

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நீ பார்த்துக்கொள்கிற விடுதிப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அண்ணி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. எங்கள் வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியாதா? சமையலறையில் நான் தும்மினால் உன் அண்ணன் முன்னறையில் மாத்திரை தேடுவார். அவர் காதில் விழக்கூடாத சங்கதி இது. அதனால்தான் விடுதி முகவரிக்கு எழுதுகிறேன்.

உன் அண்ணன் திடீரென்று நன்றாக வாசிக்கிறார். எனக்கு அதுதான் சந்தேகம்.

ஜனவரியில் அந்த டபுள் பாஸை வாங்கி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வயலினுக்குத் தீனி போட்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்துவிட்ட மாதிரி ஒரு வாத்தியம். கலைந்துபோன ஏதோ குழுவுடையதாம். நின்றபடி அதை உடம்பின்மேல் சாய்த்துக்கொண்டு வில்லால் இழுக்க வேண்டும். மகள் படிக்கப் போனதிலிருந்து காலியாகக் கிடந்த அவள் அறையில் கொண்டுபோய் நிறுத்தினார். இணையத்தில் வீடியோ பாடம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து முகம் கழுவியதும் உள்ளே போய்விடுவார்.

முதல் இரண்டு மாதம் பீரோவைத் தரையில் இழுக்கிற சத்தம்தான். கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். ஆனால் அப்போது கதவு திறந்திருந்தது. விரல் நுனியெல்லாம் கொப்புளம். நான்தான் மருந்து தடவினேன். "இங்க பாரு, இன்னிக்கு ஒரு கம்பி ஒழுங்கா பேசிடுச்சு" என்று சின்னப் பையன் மாதிரி கூப்பிட்டுக் காட்டுவார்.

மார்ச் நடுவிலிருந்து கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள். ஒரு பெண் குரல் கேட்கிறது. "இன்னும் கிட்ட. உடம்போட சேர்த்துப் பிடிங்க. பயப்படாதீங்க." அதன்பின் வாசிப்பு. பீரோவெல்லாம் போய்விட்டது. குழைவான, ஆழமான, கேட்டால் வயிற்றுக்குள் இறங்குகிற நாதம். ஒரே வாரத்தில் எந்த மனுஷன் இப்படித் தேறுவான்?

உனக்குத்தான் தெரியுமே, தொழிற்சாலையில் பகல் முழுக்கப் பீங்கான் கோப்பைகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. கண்ணுக்குப் படாத விரிசல் காதுக்குப் பட்டுவிடும். வீட்டுக்கு வந்தும் இந்தக் காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இவர் ஒலி மாறிவிட்டது. முன்பெல்லாம், "இன்னிக்கு ஒருத்தர், பிரேக்குன்னா ஹாரனை அடிக்கிறார்" என்று சொல்லிச் சாப்பிடும்போது சிரிப்பார். இப்போது தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்து போகிறார். கேட்டால் "பாடம் இருக்கு" என்ற ஒரே பதில்.

அந்தப் பெண் யார்? உன்னிடம் ஏதாவது சொன்னாரா? ஒளிக்காமல் எழுது. பதிலைத் தொழிற்சாலை முகவரிக்குப் போடு.

உன் அண்ணி

*

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் விடுதிச் சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பெண் சகவாசமா? துணிக்கடையில் சட்டை அளவு கேட்கவே உங்களை முன்னால் தள்ளிவிடுகிற ஆள் அவன். நீங்களும் ஒரு ஆளைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களே!

இணையத்தில் 'கனத்த கம்பிகள்: முதல் பாடங்கள்' என்று தேடிப் பாருங்கள். சொல்லித் தருகிற டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும். வாத்தியத்தைத்தான் உடம்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறார், தாயே! உங்கள் வீட்டுக்காரரை இல்லை.

இங்கே புது வம்பு. ஒரு பெண் துணி அலமாரிக்குள் பூனைக்குட்டி வளர்க்கிறாள். நான் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரியாது. திட்டவும் மனசு வரவில்லை, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. பாலை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி, ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கதவைத் தட்டாதீர்கள். தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு அவனை அவன் போக்கில் விடுங்கள். எனக்காக.

மகளை விசாரித்ததாகச் சொல்லவும். தலைவலிக்குக் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா?

உங்கள் பிரியமுள்ள
நாத்தனார்

*

ஏப்ரல் 22

நாத்தனார் அம்மையாருக்கு,

கண்ணாடி மாற்றவில்லை. காது நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு அது போதும்.

நீ சொன்ன பாடங்களைச் சாப்பாட்டு இடைவேளைகளில் தொழிற்சாலை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அந்த டீச்சர்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. நல்ல மனுஷி. "விரலால அமுக்காதீங்க, கையோட பாரத்தை அப்படியே இறக்குங்க" என்கிறார். கட்டைவிரலால் வாத்தியத்தின் கழுத்தை நெரிக்கக்கூடாதாம். சுண்டுவிரலுக்குத் தனியாக வலு போதாதாம், மோதிரவிரலும் கூடவே அழுத்த வேண்டுமாம். பார்த்துக்கொண்டிருந்த என் இடது கை தானாகக் கைப்பிடிக் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாப்பிட்டவள், "அக்கா, கை மரத்துப்போச்சா?" என்றாள்.

அந்தச் சந்தேகம் தீர்ந்த இடத்தில் வேறொன்று முளைத்திருக்கிறது. சொல்கிறேன், கேள்.

ஏழாவது பாடத்தில், டீச்சர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டு அழைப்புமணி அடிக்கிறது. "யாரோ வந்திருக்காங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறார். அந்த மணி இப்போது தினமும் நம் வீட்டில் அடிக்கிறது. தினமும் யாரோ வந்திருக்கிறார்கள், தினமும் விடச் சொல்கிறார். ஒரே பாடத்தை இவர் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்.

வில்லில் ஒரு பிசின் கட்டியைத் தேய்த்துத்தான் வாசிக்க வேண்டும். வாசித்தால் வெள்ளைத் தூள் உதிரும். ஜனவரியில் அந்த அறையைப் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனேன். இப்போது தரையில் தூளே இல்லை. அவர் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தேன், உப்பு வாங்கிக்கொள்கிற சாக்கில். காய்த்திருந்த இடம் உரிந்து பூப்போல ஆகிவிட்டது.

இன்னொன்றும் செய்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தக் கதவருகே நின்றேன். டபுள் பாஸ் வாசித்தால் தரை அதிரும். முன்பு மேசைமேல் தம்ளரில் தண்ணீர் நடுங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது சத்தம் மட்டும் வருகிறது, தரை செத்துக் கிடக்கிறது.

உன் அண்ணன் உள்ளே வாசிக்கவே இல்லை. டீச்சர் வாசிப்பதை ஓடவிட்டு நம்மை ஏமாற்றிக்கொண்டு என்னமோ செய்கிறார். என்ன செய்கிறார்? ஸ்கூல் காரில் வந்து இறங்குகிறவர் இப்போது பஸ்ஸில் வருவது ஏன்?

அவரை விடு. உன்னிடம் ஒரு கேள்வி. நான் உனக்கு 'ஒரு பெண் குரல்' என்று மட்டும்தான் எழுதினேன். பாடத்தின் பெயரை எழுதவில்லை. நழுவுகிற மூக்குக் கண்ணாடி உனக்கு எப்படித் தெரிந்தது? கதவைத் தட்டாதே என்று என்னைக் கெஞ்சும் அளவுக்கு அந்தக் கதவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? துப்புக் கேட்டு உனக்கு எழுதினேன். நீ அந்தப் பக்கம் காவலுக்கு நிற்கிறாய் போலிருக்கிறது.

பதில் போடு. பூனைக்குட்டிக் கதையெல்லாம் வேண்டாம்.

அண்ணி

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் பொய் சொல்ல நான் லாயக்கில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அண்ணனிடம் சத்தியம் செய்திருந்தேன். அதை இப்போது உடைக்கிறேன். உங்கள் மனதில் ஓடுவதைவிட உண்மை மேல்.

மார்ச்சில் ஒருநாள் பயிற்சிக்கு வந்தவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். சொல்லித் தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, அதன்மேல்தான் அண்ணன் கால் எப்போதும் இருக்கும். அன்று ஒரு நொடி பிந்திவிட்டது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒருவருக்குக் கால் முறிந்தது. அவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், முழுக்கச் சரியாகிவிடும் என்கிறார்கள். அண்ணன்மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அடிபட்டவரே சொல்லிவிட்டார். இவன் காதில்தான் ஏறவில்லை.

அதிலிருந்து காரில் ஏறி உட்கார்ந்தால் வலது கால் நடுங்குகிறது. கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்பறைக்கு மாறிவிட்டான். சாலைக் குறிகளைப் பலகையில் காட்டிச் சொல்லித் தருகிறான். அதனால்தான் பஸ். வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அதே நடுக்கம்தானாம். நிற்க முடியவில்லை, அதனால் வாசிக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்து அந்த டீச்சரைக் கேட்கிறான். "அந்தம்மா 'பயப்படாதீங்க'ன்னு சொல்றப்ப கொஞ்சம் அடங்குது" என்றான். எனக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருந்தான், அதுதான் மூக்குக் கண்ணாடி.

பஸ் நிறுத்தத்திலிருந்துதான் எனக்குப் போன் செய்வான். "அண்ணிகிட்ட சொல்லிடுண்ணா" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"வேணாம். அவ தட்டிப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா. விரிசல் விட்டதை ஓரமா எடுத்து வெச்சுப் பழகின கை அது."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"உனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டான்.

இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். காட்டிக்கொண்டாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நாத்தனார்

*

மே 8

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று மதியம் என் மேசைக்கு வந்த கோப்பையெல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன. எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் கை போன போக்கில் பிரித்து வைத்தேன்.

முதலில் அவர்மேல் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர் என்னைப் பற்றி எண்ணி வைத்திருந்தது இவ்வளவுதானா? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அது இன்னும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினேன். நீ வேண்டாம் என்றதை மறக்கவில்லை. உள்ளே டீச்சர் சட்டென்று நின்றார். தாழ்ப்பாளைத் திறக்க அவருக்கு நேரமானது. மகளின் கட்டில்மேல் போன் கிடந்தது. வாத்தியம் மூலையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. வகுப்பில் சேட்டை செய்து நிறுத்திவைத்த பிள்ளை மாதிரி.

"எனக்கும் கத்துக் குடுங்க" என்றேன்.

"எதை?"

"இதத்தான்."

"நானே இன்னும் கத்துக்கல."

"தெரியும். தரை அதிரல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வாத்தியத்தைத் திருப்பி, டீச்சர் சொன்னபடி இடுப்பில் சாய்த்து நின்றேன். பார்த்ததற்கும் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! மேலே கிடந்து அழுத்துகிறது. வில்லை வைத்து இழுத்தேன். பழைய பீரோ திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில், என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

"தோளை எறக்கு. பிடிக்காத, சும்மா வை. மெதுவா. அவசரமே இல்ல. ரோட்டைப் பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் கேட்காத மாதிரி இழுத்துக்கொண்டிருந்தேன். வில் கம்பியில் வழுக்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அந்த அறையில் ஏது பிரேக்? நான் குனிந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். கால் நடுங்கவில்லை, அழுந்தியே இருந்தது.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னார். கார், அந்த ஒரு நொடி, அடிபட்டவர் விழுந்த விதம், பஸ். நீ எழுதியதில் இல்லாத ஒன்றையும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அந்த மனிதர் இவரைத்தான் சமாதானப்படுத்தினாராம். அதைத்தான் தாங்க முடியவில்லையாம். கடைசியில் அந்த விரிசல் பேச்சும் வந்தது.

"இந்த வீட்ல நீங்க டீ குடிக்கிற கப்பு எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?" என்றேன். "ஒண்ணுகூட கடைக்குப் போகல. எல்லாம் நான் ஒதுக்கினது. தூக்கிப் போட மனசில்லாம எடுத்துட்டு வந்தது."

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "வில்லைத் தப்பா பிடிக்கிற" என்றார்.

நீ எனக்கு எழுதியதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் மூடிவைத்துப் பேசுவது எனக்கு ஆகாது. "அவ ஏன் சொன்னா?" என்று முறைத்தார். பிறகு, "பாவம், நான்தான் அவளை மாட்டி விட்டுட்டேன்" என்றார்.

அவர் விட்டுவிட்டார். நான் விடுவதாக இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ அண்ணனுக்குச் செய்த சத்தியம் புரிகிறது. சொல்ல முடியாவிட்டால் சொல்லாமல் இருந்திருக்கலாம். கதவுக்கு வெளியே நான் கண்டதையும் நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் தெரிந்த நீ, சமையல்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்ததாக எழுதினாய். இப்போது உன் பழைய கடிதங்களைக்கூட எடுத்து, இதில் எது நிஜம் என்று பார்க்கத் தோன்றுகிறது. அது போக நாளாகும். போகாது என்று சொல்லவில்லை.

விடுமுறை விட்டதும் கிளம்பி வா. சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம், எழுதிப் போட்டால் ஆறிப்போகிறது. நீ வரும் நேரத்துக்கு ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவோம். ஏன் பஸ் என்று நீ கேட்கக்கூடாது, ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டுவிட வேண்டும்.

உன் அண்ணி